பக்னரின் கால்களுக்கு நடுவே போன பந்து: ஒரு ஸ்கோரரின் பதில்

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: "பேஸ்பால் சாம்பியன்ஷிப் வரலாற்றின் மறக்க முடியாத தருணங்கள் என்று எந்தப் பட்டியலைத் திறந்தாலும் 1986-இல் பில் பக்னர் ஒரு சுலபமான பந்தைக் கால்களுக்கு நடுவே விட்ட காட்சி இருக்கிறது. அந்த ஒரு பந்தால்தான் பாஸ்டன் ரெட் சாக்ஸ் கோப்பையை இழந்ததா? எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும்." இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, அந்த இரவில் அந்த ஒரு பந்தால்தான் எல்லாம் போனதா. இன்னொன்று, இந்தப் பட்டியல்களை எவ்வளவு நம்பலாம். முதல் கேள்விக்கு என் பதில், இல்லை. பக்னர் அந்தப் பந்தைப் பிடித்திருந்தாலும் பாஸ்டன் அந்த நிமிடத்தில் ஜெயித்திருக்காது. இரண்டாவதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாஸ்டனுக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருக்கிறேன். இருபது வருடங்களாக வார இறுதிகளில் சிறுவர் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். ஊரில் கல்லூரி கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதிய பழக்கம் இங்கே வேறு புத்தகத்துக்கு மாறியது, அவ்வளவுதான். 1986 ஆட்டத்தை நேரலையில் பார்த்தவன் இல்லை. முழுப் பதிவையும் ஸ்கோர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் என் பதிலில் ஒரு கணக்கப்பிள்ளையின் பார்வை இருக்கும், ரசிகனின் கண்ணீர் குறைவாக இருக்கும்.

கிரிக்கெட்காரருக்குத் தேவையான அளவு விதி இதுதான். ஓர் அணிக்கு 9 இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸிலும் 3 அவுட். சொந்த மைதானத்து அணி இரண்டாவதாக ஆடும். 9 முடிந்தும் சமநிலை என்றால் 10, 11 என்று போய்க்கொண்டே இருக்கும், டிரா கிடையாது. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், போடும் நல்ல பந்தை பேட்டர் அடிக்காமல் விட்டாலோ வீசித் தவறவிட்டாலோ ஒரு ஸ்ட்ரைக், 3 ஸ்ட்ரைக் வாங்கினால் அவுட். கோட்டுக்கு வெளியே போகும் அடி ஃபவுல். முதல், இரண்டாவது, மூன்றாவது பேஸைத் தொட்டு, அடித்த இடமான ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். வேர்ல்டு சீரீஸ் என்பது 7 ஆட்டத் தொடர். 4 ஆட்டம் யார் முதலில் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. 1986 அக்டோபர் 25 சனிக்கிழமை இரவு நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 6-ஆவது ஆட்டம் தொடங்கியபோது பாஸ்டன் 3–2 என்று முன்னிலையில் இருந்தது. எதிரணி நியூயார்க் மெட்ஸ்.

9 இன்னிங்ஸ் முடிவில் 3–3. 10-ஆவது இன்னிங்ஸின் முதல் பாதியில் பாஸ்டனின் டேவ் ஹென்டர்சன் ஹோம் ரன் (நான்கு பேஸையும் சுற்றி வரும் அடி, நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். பின்னால் இன்னொரு ரன்னும் வந்து 5–3 ஆனது. (இதே ஹென்டர்சன்தான் இரண்டு வாரம் முன்பு கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு எதிராக, ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் பாஸ்டனின் சீசனே முடிந்தது என்ற நிலையில் ஹோம் ரன் அடித்து அணியைக் காப்பாற்றியவர். விதி வட்டி போட்டுத் திருப்பி வாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.) மெட்ஸ் ஆட வந்தது. முதல் இரண்டு பேரும் தூக்கி அடித்து அவுட். இரண்டாவதாக அவுட் ஆன கீத் ஹெர்னாண்டஸ் எல்லாம் முடிந்தது என்று உள்ளே மேனேஜரின் (பேஸ்பாலில் அணியின் தலைமைப் பயிற்சியாளர்) அறைக்கே போய் உட்கார்ந்துவிட்டார். மைதானத்து ஸ்கோர்போர்டில் ரெட் சாக்ஸுக்கு வாழ்த்துச் செய்தி ஒரு கணம் ஒளிர்ந்து மறைந்தது. பாஸ்டன் அணியின் அறையில் சுவர்களுக்கு பிளாஸ்டிக் விரிப்பு மாட்டி ஷாம்பெயினை அடுக்கி வைத்திருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு அவுட்.

அங்கிருந்து கேரி கார்ட்டர் ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை போக வைக்கும் அடி). கெவின் மிட்செல் ஒரு சிங்கிள். ரே நைட், இரண்டு ஸ்ட்ரைக் வாங்கியபின் ஒரு சிங்கிள். கார்ட்டர் ஓடி வந்தார், 5–4. மூன்று சிங்கிளையும் கொடுத்த பிட்சர் கால்வின் ஸ்கிரால்டி. மேனேஜர் ஜான் மெக்னமாரா அப்போதுதான் அவரை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியைக் கொண்டுவந்தார். எதிரே மூக்கி வில்சன். மூன்றாவது பேஸில் மிட்செல், முதல் பேஸில் நைட். ஸ்டான்லியின் 7-ஆவது பந்து உள்பக்கமாகப் பாய்ந்து வில்சனின் காலை நோக்கி வந்தது. அவர் உடம்பை வளைத்துத் துள்ளி விலகினார். கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) ரிச் கெட்மனின் கையுறைக்கு அது அகப்படவில்லை, பின்னால் ஓடியது. மிட்செல் வீடு வந்து சேர்ந்தார். 5–5. நைட் இரண்டாவது பேஸுக்கு நகர்ந்தார்.

உங்கள் கேள்விக்கான பதில் இந்த இடத்தில் இருக்கிறது. பக்னர் இன்னும் எதையும் தொடவே இல்லை. பாஸ்டனின் முன்னிலை அதற்குள் போய்விட்டது. சாம்பியன்ஷிப்புக்கு ஒரு ஸ்ட்ரைக் தூரத்தில் இருந்த அணி, நைட் ஆடும்போது ஒரு முறையும் வில்சன் ஆடும்போது ஒரு முறையும் அந்த ஸ்ட்ரைக்கைப் போட முடியாமல் விட்டிருந்தது. வில்சன் மேலும் இரண்டு பந்துகளை ஃபவுலாகத் தட்டிவிட்டு 10-ஆவது பந்தை முதல் பேஸ் பக்கம் மெதுவாக உருட்டினார். அங்கே நின்றவர்தான் பக்னர். பந்து கையுறைக்கு அடியில் நுழைந்து கால்களுக்கு நடுவே போய் வெளிமைதானத்தில் உருண்டது. இரண்டாவது பேஸிலிருந்து நைட் தலையில் கை வைத்துக்கொண்டே ஓடி வந்தார். 6–5.

ஸ்கோர் புத்தகத்தில் களத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்மேன் 3. பக்னர் விட்ட பந்து 'ஈ 3' என்று ஏறுகிறது. ஈ என்றால் எரர், பிழை. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, பக்னருக்கும் இருந்ததில்லை. ஆனால் அதற்கு மூன்று பந்துக்கு முன்னால் சமநிலையைக் கொண்டுவந்த பந்து 'வைல்டு பிட்ச்' என்று ஏறியது, அதாவது பிட்சரின் குற்றம். பல ஸ்கோரர்கள் அதை 'பாஸ்டு பால்' என்று எழுதியிருப்பார்கள், அதாவது கேட்சர் பிடித்திருக்க வேண்டியது. எந்த வேளையில் பார்க்கிறேன் என்பதைப் பொறுத்து என் கை இரண்டையும் எழுதுகிறது. தோற்ற பிட்சர் யார் தெரியுமா? பந்து வீசிக்கொண்டிருந்த ஸ்டான்லி இல்லை. வெற்றி ரன்னான நைட்டை பேஸில் ஏற விட்டவர் ஸ்கிரால்டி என்பதால் தோல்வி அவர் கணக்கில். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இந்த இன்னிங்ஸில் அதைப் புத்தகத்திலேயே காட்டலாம்.

சரி, பக்னர் பந்தைப் பிடித்திருந்தால்? இங்கிருந்து சந்தேகப் பகுதி ஆரம்பிக்கிறது. வில்சன் அந்த அணியின் அதிவேக ஓட்டக்காரர்களில் ஒருவர். பக்னர் பேஸுக்குப் பின்னால் தள்ளி நின்றிருந்தார், அவருடைய கணுக்கால்கள் மோசமான நிலையில் இருந்தன. அவர் பந்தோடு பேஸுக்கு முந்தியிருப்பாரா, ஸ்டான்லி முந்தியிருப்பாரா, வில்சன் முந்தியிருப்பாரா என்று நாற்பது வருடமாக வாதம் நடக்கிறது. பதிவைப் பார்த்தால் வில்சனுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அது தோற்றம் மட்டுமே. வில்சன் தப்பியிருந்தால் நைட் மூன்றாவது பேஸில், ஆட்டம் இன்னும் 5–5, அடுத்து ஹோவர்டு ஜான்சன். வில்சன் அவுட் என்றால் 11-ஆவது இன்னிங்ஸ், அப்போதும் 5–5. இந்த இரண்டு கிளையிலும் பாஸ்டன் கையில் கோப்பை இல்லை.

மேனேஜரின் முடிவுகளைப் பற்றியும் இரண்டு பழைய சண்டைகள் உண்டு. ரோஜர் கிளெமென்ஸ் 7 இன்னிங்ஸ் வீசி 3–2 முன்னிலையோடு வெளியேறினார். அவரே போதும் என்று கேட்டுக்கொண்டார் என்றார் மெக்னமாரா. நான் கேட்கவில்லை என்றார் கிளெமென்ஸ். இரண்டு பேரில் ஒருவரின் நினைவு தப்பு, யாருடையது என்று மூன்றாம் மனிதர் தீர்ப்பு சொல்ல வழியில்லை. இன்னொன்று, அந்தத் தொடரில் பாஸ்டன் ஜெயித்த ஆட்டங்களில் கடைசி நேரத்தில் பக்னருக்குப் பதில் டேவ் ஸ்டேபிள்டனை முதல் பேஸில் நிறுத்துவது வழக்கமாக இருந்தது. அன்று நிறுத்தவில்லை. கோப்பை வாங்கும்போது மூத்த ஆட்டக்காரர் களத்தில் இருக்கட்டும் என்று மேனேஜர் ஆசைப்பட்டார் என்பது பரவலான விளக்கம். மெக்னமாரா அதை ஒப்புக்கொள்ளவில்லை, பக்னர்தான் தன் சிறந்த முதல் பேஸ்மேன் என்றார். எனக்கு முதல் விளக்கம்தான் நம்பத் தகுந்ததாகப் படுகிறது. அது உண்மை என்றால், கால் வலியோடு நின்ற 36 வயதுக்காரரைவிட அவரை அங்கே நிற்க வைத்தவர் பக்கம்தான் என் விரல் நீளும்.

இதையெல்லாம் தள்ளிவைத்தாலும், அது கடைசி ஆட்டமே இல்லை. தொடர் 3–3, அவ்வளவுதான். மழையால் ஒரு நாள் தள்ளி அக்டோபர் 27 அன்று 7-ஆவது ஆட்டம் நடந்தது. பாஸ்டன் அதில் 3–0 என்று முன்னிலை எடுத்தது. மெட்ஸ் 6-ஆவது இன்னிங்ஸில் சமன் செய்து, 7-ஆவதில் நைட்டின் ஹோம் ரன்னோடு முந்தியது. அதைக் கொடுத்தவர் மறுபடியும் ஸ்கிரால்டி. பாஸ்டன் 8-ஆவதில் நெருங்கியது, அதில் ஒரு ரன் ஓடி எடுத்தவர் பக்னர். முடிவு 8–5. இந்த ஆட்டத்தை விவரமாக நினைவு வைத்திருக்கும் பாஸ்டன்காரரை நான் அபூர்வமாகத்தான் சந்தித்திருக்கிறேன். பல இளைஞர்கள் பக்னர் பிழையோடு தொடரே முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் அவர் தலையில் விழுந்தது? ரெட் சாக்ஸ் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1918-இல். அதன் பிறகு பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றார்கள், அதனால் சாபம் என்று ஊரில் பேச்சு. 68 வருடக் காத்திருப்புக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. வைல்டு பிட்ச் என்றால் என்ன என்று விளக்க வேண்டும், மூன்று சிங்கிளை வரிசையாகச் சொல்ல வேண்டும். கால்களுக்கு நடுவே போன பந்தை விளக்கவே வேண்டாம், பேஸ்பால் தெரியாத நீங்களே புரிந்துகொண்டீர்கள் பாருங்கள். 1999 உலகக் கோப்பையில் ஹெர்ஷல் கிப்ஸ் ஸ்டீவ் வாவின் கேட்சைக் கொண்டாடும் அவசரத்தில் கீழே விட்டது நமக்கு நினைவிருக்கிறது. தென்னாப்பிரிக்கா அதன் பிறகு அரையிறுதி ஆடி, டை செய்து வெளியேறியது என்பதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். அதே கதைதான்.

பேஸ்பாலில் இது புதிதும் இல்லை. 1912 வேர்ல்டு சீரீஸின் கடைசி ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் 10-ஆவது இன்னிங்ஸில் 2–1 முன்னிலையில் இருந்தபோது ஃபிரெட் ஸ்னோட்கிராஸ் ஒரு சுலபமான கேட்சை விட்டார். அடுத்த பேட்டர் அடித்த பந்துக்கே அவர் ஓடிப் போய் ஒரு கடினமான கேட்ச் எடுத்தார். பிறகு ஜயன்ட்ஸ் பிட்சர் கிறிஸ்டி மாத்யூசன் ஒருவரை இலவசமாக பேஸுக்கு அனுப்பினார். எதிரணியின் டிரிஸ் ஸ்பீக்கர் தூக்கி அடித்த ஒரு ஃபவுல் பந்து பிட்சர், கேட்சர், முதல் பேஸ்மேன் மூவருக்கும் நடுவே, நீ பிடி நான் பிடி என்று யாரும் பிடிக்காமல் விழுந்தது. பிழைத்த ஸ்பீக்கர் அடித்த அடியில் ஆட்டம் சமன், கொஞ்ச நேரத்தில் தோல்வி. இந்தப் பட்டியலில் ஸ்னோட்கிராஸ் விட்டதுதான் என் கணக்கில் ஆகச் சின்ன குற்றம். ஆனால் 1974-இல் அவர் 86 வயதில் இறந்தபோது செய்தித்தாள் தலைப்பே 1912-இல் கேட்ச் விட்டவர் என்றுதான் வந்தது. அன்று ஜெயித்தது யார் என்று கேட்டீர்களா? இதே பாஸ்டன் ரெட் சாக்ஸ்தான்.

2003-இல் சிகாகோ கப்ஸ் வேர்ல்டு சீரீஸுக்குப் போக 5 அவுட் மிச்சம் இருந்தபோது, பார்வையாளர் ஒருவர் ஃபவுல் பந்துக்குக் கை நீட்டியதால் ஒரு கேட்ச் தவறிப்போனது. பக்கத்தில் அதே பந்துக்கு வேறு பலரும் கை நீட்டினார்கள். அதே இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவர்) அலெக்ஸ் கான்சாலஸ் சாதாரணமான ஒரு பந்தைத் தவறவிட்டார், எதிரணி 8 ரன் குவித்தது, மறுநாள் இன்னோர் ஆட்டமும் கையில் இருந்தது. பாதுகாப்புக்கு ஆள் வைத்து வெளியே அழைத்துப் போக வேண்டியிருந்தது அந்தப் பார்வையாளரைத்தான். அவர் ஆட்டக்காரரே இல்லை, அதனால் அவர் பெயரை நான் எழுதுவதில்லை.

நினைவு எப்போதும் கெடுதல் பக்கமே சாயும் என்றும் சொல்ல முடியாது. 1975-இல் கார்ல்டன் ஃபிஸ்க், 6-ஆவது ஆட்டத்தின் 12-ஆவது இன்னிங்ஸில் பந்தை அடித்துவிட்டு, அது ஃபவுல் ஆகிவிடக் கூடாதென்று இரண்டு கைகளாலும் காற்றைத் தள்ளிக்கொண்டே ஓடினார். பந்து ஃபவுல் எல்லையைக் காட்டும் கம்பத்தில் பட்டு ஹோம் ரன். பாஸ்டனில் இன்றும் சுவரில் மாட்டும் படம். மறுநாள் பாஸ்டன் தோற்றது, கோப்பை சின்சினாட்டிக்குப் போனது. அந்தப் படத்தைப் பார்த்து ஜெயித்த வருடம் என்று நினைப்பவர்களை நான் திருத்துவதில்லை, பாவம். 1960-இல் பில் மாசரோஸ்கி 7-ஆவது ஆட்டத்தின் கடைசிப் பந்தில் அடித்த ஹோம் ரன்னால் பிட்ஸ்பர்க் 10–9 என்று ஜெயித்தது. அந்தத் தொடர் முழுக்கக் கூட்டினால் தோற்ற யாங்கீஸ் எடுத்தது 55 ரன், ஜெயித்த பிட்ஸ்பர்க் 27. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதுகூடத் தோற்ற அணியின் பாபி ரிச்சர்ட்சனுக்குத்தான் போனது. இந்தக் கணக்கைச் சொன்னால் சிறுவர் லீக் பிள்ளைகள் நம்புவதில்லை.

முழுச் சந்தேகத்தில் நிற்கும் தருணமும் ஒன்று உண்டு. 1932 அக்டோபர் 1, சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு. பேப் ரூத் மைதானத்தின் நடுப்பகுதியைக் கை காட்டிவிட்டு அங்கேயே ஹோம் ரன் அடித்தார் என்ற கதை. அவர் இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு சார்லி ரூட்டின் பந்தை நடுப்பகுதிக்கு மேலே தூக்கி அடித்தது நிச்சயம். எதிரணி பெஞ்ச் அவரைக் கண்டபடி கிண்டல் செய்ததும், அவர் கையை உயர்த்தி ஏதோ சைகை செய்ததும் நிச்சயம், ரசிகர்கள் எடுத்த படச்சுருளில் சைகை தெரிகிறது. ஆனால் அது பெஞ்சைப் பார்த்து நீட்டிய விரலா, இன்னும் ஒரு ஸ்ட்ரைக் பாக்கி என்ற எண்ணிக்கையா, மைதானத்தைக் காட்டியதா? பிட்சர் ரூட் சாகும்வரை மறுத்தார். ரூத்தோ கேட்பவருக்குத் தகுந்தபடி சொன்னார். நான் பெஞ்ச் பக்கம்.

சந்தேகத்துக்கே இடமில்லாதது என்றால் 1956 அக்டோபர் 8. டான் லார்சன் 27 பேரை வரிசையாக அவுட் செய்தார், ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு விடவில்லை, 97 பந்து. வேர்ல்டு சீரீஸில் அப்படி ஓர் ஆட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. புத்தகத்தில் அந்தப் பக்கம் வெறுமையாக, அழகாக இருக்கும்.

பக்னரின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் வாழ்நாளில் 2,715 ஹிட் (பேஸில் ஏற்றும் அடி) அடித்தவர், 1980-இல் நேஷனல் லீகின் பேட்டிங் பட்டம் வாங்கியவர். 1986 சீசனிலேயே தன் அடிகளால் அணிக்கு 102 ரன் கொண்டுவந்தவர், அவர் இல்லாமல் பாஸ்டன் அந்த மைதானத்துக்கே வந்திருக்காது. அடுத்த வருடம் நடுவில் அவரை அணி விடுவித்தது. 1990-இல் திரும்ப வந்தார். கணுக்கால் வலிக்குப் பேர்போன அந்த மனிதர் அந்த ஏப்ரலில் ஃபென்வே பார்க்கில், பந்து வேலிக்குள்ளேயே கிடக்க நான்கு பேஸையும் ஓடிச் சுற்றி ஹோம் ரன் எடுத்தார். அதுதான் அவருடைய கடைசி ஹோம் ரன். ரெட் சாக்ஸ் 2004-இல் கோப்பை வாங்கியது, 2007-இல் மறுபடி வாங்கியது. 2008 ஏப்ரல் 8 அன்று, ஆட்டம் தொடங்கும் முன் மரியாதைக்காக வீசும் முதல் பந்தை வீச அவரை அழைத்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்து, பழைய தோழர் டுவைட் எவான்ஸிடம் வீசினார். மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. பாஸ்டன் அவரை மன்னித்தது என்று மறுநாள் பலர் எழுதினார்கள். எந்தக் குற்றத்துக்கு என்று எனக்கு அன்றே எரிச்சல். வில்சனும் அவரும் நண்பர்களாகி அந்தக் காட்சியின் படங்களில் சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பந்தை 1992-இல் நடிகர் சார்லி ஷீன் 93,500 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். பக்னர் 2019 மே 27 அன்று காலமானார்.

பதிவு கிடைத்தால் 10-ஆவது இன்னிங்ஸை மட்டுமாவது முழுதாகப் பாருங்கள். வில்சன் ஆட வந்ததும் பந்துகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். 10-ஆவது பந்தை எல்லாரும் பார்த்தாயிற்று. நீங்கள் 7-ஆவது பந்தில் கெட்மனின் கையுறையை மட்டும் பார்த்துவிட்டு, அது வைல்டு பிட்சா பாஸ்டு பாலா என்று எனக்கு எழுதுங்கள்.